டியூப் லைட் எரிவது எப்படி? வீட்டுக்கு ஏற்ற விளக்கு எது?

மஃரிப் நேரம் ஆனதும் சுவிட்சைப் போடுகிறோம். குண்டு பல்பு உடனே எரிகிறது. டியூப் லைட்டோ இரண்டு மூன்று முறை மினுக்கிவிட்டுத்தான் எரிகிறது. இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் கரண்ட் பில்லையும் குறைக்கலாம். பிள்ளைகளை ஓர் ஆபத்திலிருந்தும் காக்கலாம்.

குண்டு பல்பு

இதனுள் இருக்கும் மெல்லிய டங்ஸ்டன் கம்பி மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்து ஒளி தருகிறது. செலவாகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை. மீதி வெப்பமாக வீணாகிறது.

டியூப் லைட்

குழாயின் இரு முனைகளிலும் சிறு கம்பிச் சுருள்கள் உள்ளன. உள்ளே சிறிதளவு ஆர்கான் வாயுவும் மிகச் சிறிதளவு பாதரசமும் இருக்கின்றன. சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டர் வழியாக மின்சாரம் பாய்ந்து சுருள்கள் சூடாகின்றன. ஸ்டார்ட்டர் இணைப்பைத் துண்டிக்கும் நொடியில் சோக் ஓர் உயர் மின்னழுத்தத்தைத் தருகிறது. அப்போது குழாய்க்குள் மின்சாரம் பாய்கிறது. முதல் முயற்சியில் பாயாவிட்டால் ஸ்டார்ட்டர் மீண்டும் முயல்கிறது. நாம் பார்க்கும் மினுக்கல் இதுதான். எரிந்தபின் ஸ்டார்ட்டருக்கு வேலை இல்லை. மின்சாரம் அளவு மீறாமல் சோக் பார்த்துக்கொள்கிறது.

பாதரச ஆவி வெளியிடுவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். கண்ணாடியின் உட்புறம் பூசியுள்ள வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றுகிறது. சி.எஃப்.எல். விளக்கும் இதே முறையில் எரிவதுதான்.

எல்.இ.டி.

இதில் கம்பியும் இல்லை, பாதரசமும் இல்லை. குறைகடத்திச் சில்லு நேராக ஒளி தருகிறது.

கணக்குப் பார்ப்போம்

60 வாட் குண்டு பல்பு, 14 வாட் சி.எஃப்.எல்., 9 வாட் எல்.இ.டி. மூன்றும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் தருபவை. தினம் 5 மணி நேரம் எரித்தால் மாதத்துக்குக் குண்டு பல்பு 9 யூனிட், சி.எஃப்.எல். சுமார் 2 யூனிட், எல்.இ.டி. ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு.

பழைய 40 வாட் டியூப் லைட், சோக் செலவையும் சேர்த்துச் சுமார் 50 வாட் எடுக்கும். மாதம் ஏழரை யூனிட். 20 வாட் எல்.இ.டி. டியூப்புக்கு 3 யூனிட் போதும். நான்கு டியூப் உள்ள வீட்டில் இரண்டு மாத பில்லில் 36 யூனிட் மிச்சமாகும்.

நன்றாக எரியும் டியூப்பை உடனே கழற்ற வேண்டியதில்லை. பழுதாகும்போது மாற்றினால் போதும். அடிக்கடி போட்டு அணைத்தால் டியூப்பின் ஆயுள் குறையும். எனவே குளியலறை, மாடிப்படிக்கு முதலில் எல்.இ.டி. போடுங்கள். பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூப்பைப் பொருத்துவதானால் எலக்ட்ரீசியனை அழையுங்கள்.

உடைந்தால் என்ன செய்வது?

கழித்த டியூப்பைத் தெருவில் எறிவதும், பிள்ளைகள் அதை உடைத்து விளையாடுவதும் பல ஊர்களில் நடக்கிறது. உடையும்போது பாதரச ஆவி வெளிவரும். அதைச் சுவாசிப்பது கெடுதல். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடுதல் கவனம் தேவை.

வீட்டில் டியூப் உடைந்தால்:

• எல்லோரும் அறையை விட்டு வெளியேறுங்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, கால் மணி நேரம் விடுங்கள்.
• துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பொடி பறக்கும். கையுறை அணிந்து, கெட்டியான அட்டையால் துண்டுகளை அள்ளுங்கள்.
• எஞ்சிய பொடியை ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.
• குப்பை எடுக்க வருபவரிடம் விவரம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். அவர் கையும் காயப்படக் கூடாதல்லவா?