கீட்டோவில் மெதுவாக நட: தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

கீட்டோ போகிறோம் என்று நீ சொன்னதும் உன் மாமியார், "ஏன், உடம்பு இளைக்கவா?" என்று கேட்டாராமே! ஈக்வடாரின் தலைநகருக்கும் கீட்டோ டயட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிடு. அங்கே போனால் உருளைக்கிழங்கும் சோளமும் தின்று இரண்டு கிலோ ஏறித்தான் வருவாய். எனக்குக் கவலை அதில் இல்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாய் பார், அதனால்தான் போனில் சொன்னது போதாதென்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு கணக்கு பார். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். நாம் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஏறி, அரை மணி நேரம் நின்று, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடும் இடம். கீட்டோவின் நடுச் சதுக்கம் இருப்பது சுமார் 2,850 மீட்டரில். அந்த உயரத்தில் ஓர் ஊரே குடியிருக்கிறது. பஸ் ஓடுகிறது, பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். கடலோரத்துக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குகூட அங்கே கிடையாது. மெரினா காற்றில் வளர்ந்த நமக்கு இரண்டு மாடி ஏறினாலே நெஞ்சு படபடக்கும்.

நானும் அத்தானும் செய்த தப்பைச் சொல்கிறேன். வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். ராத்திரி போய் இறங்கினோம். வண்டி ஏற்பாடு செய்து தந்த ஆள், "நாளைக் காலையில் வானம் தெளிவாக இருக்கும், முதலில் கேபிள் கார் போய்விடலாம்" என்றார். சரியென்று தலையாட்டினோம். மேலே போய் இறங்கிய கால் மணி நேரத்தில் எனக்கு மண்டை பிளந்தது. ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அந்த டீயை அங்கேயே விட்டுவிட்டும் வந்தேன். அன்றும் மறுநாளும் ஓட்டல் அறையின் கூரையைத்தான் சுற்றிப் பார்த்தோம்.

அதனால் கீட்டோவுக்குத் திட்டம் போடும்போது இடங்களைத் தூரத்தை வைத்து அடுக்காதே, உயரத்தை வைத்து அடுக்கு. ஒவ்வோர் இடத்தின் பெயருக்குப் பக்கத்திலும் அது எத்தனை மீட்டர் என்று எழுது. தாழ்ந்தது முதலில், உசந்தது கடைசியில். நான் சொல்வதில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது.

விமான நிலையம் ஊருக்குள் இல்லை. 2013-இல் திறந்த புது நிலையம் தபபேலாவில், சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. ஊரைவிட நானூறு மீட்டருக்கு மேல் கீழே! முதல் ராத்திரி ஊருக்குள் ஓடாமல், அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலேயே தும்பாக்கோ, கும்பயா மாதிரி ஓர் இடத்தில் தங்கு. மாட்ரிட், ஆம்ஸ்டர்டாம் என்று மாறி மாறி ஒரு நாளுக்கு மேல் பறந்து போகிறீர்கள். நம் நேரத்துக்கும் அங்கத்திய நேரத்துக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். தூக்கக் கலக்கத் தலைவலியும் உயரத் தலைவலியும் ஒன்றாகச் சேர்ந்தால் எது எதென்று தெரியாது.

அம்மாவின் பிரஷர் மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தவேண்டாம். ஆனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் எத்தனை மீட்டர் என்று நம்பரைச் சொல்லிக் கேள். "ஏதோ மலைப்பிரதேசம்" என்று பொதுவாகச் சொன்னால் அவர் கொடைக்கானலை நினைத்துக்கொள்வார். உயரத்துக்கென்று அசெட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை உண்டு. அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, சல்ஃபா அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லியாகவேண்டும். உனக்கு ரத்தம் கம்மி என்று போன வருஷம் சொன்னார்களே, ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பார்த்துவிடு.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் தூங்குகிறதல்லவா, அதை எடுத்துப் போ. ஆனால் 91, 92 காட்டினால் அலறாதே. அந்த உயரத்தில் நல்ல உடம்புக்கே அவ்வளவுதான் காட்டும். எண்ணைவிட ஆளைப் பார். பாரசிட்டமால் போட்டும் போகாத தலைவலி, நிற்காத வாந்தி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் இதில் எது வந்தாலும் "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே டாக்டர், உடனே கீழே.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள்தான். இஞ்சி மரப்பா ஒரு டப்பா. தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில். உதட்டுக்கு வாசலின். பாத்ரூமுக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கும். அது சர்க்கரை அல்ல, உயரத்தின் வேலை என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. பருப்புப்பொடி பாக்கெட்டெல்லாம் பலூன் மாதிரி உப்பி நிற்கும். சன்ஸ்கிரீன் டியூப்பை முகத்துக்கு நேராக வைத்துத் திறக்காதே, பீய்ச்சி அடிக்கும். அந்த சன்ஸ்கிரீனைத் தினமும் போடு. பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர், மேலே காற்றும் மெலிசு. குளிர்கிறதே என்று வெயிலை மறந்தால் சாயந்தரம் மூக்கு தோலுரியும். காலையில் வெயில், மத்தியானம் மழை, ராத்திரி குளிர், எல்லாம் ஒரே நாளில். ஆகவே அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுகிற மாதிரி உடுப்பு. வருஷம் முழுக்க ஆறு மணி சுமாருக்கு விடிந்து ஆறேகாலுக்கு இருட்டிவிடும்.

முதல் நாள் பழைய ஊரில் சமதளமான பகுதி மட்டும். 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியல் போட்டபோது அதில் வந்த பன்னிரண்டில் இந்த ஊரும் ஒன்று. பெரிய சதுக்கத்தில் பெஞ்சு நிறைய இருக்கிறது. அம்மாவை உட்காரவைத்துவிட்டு எதிரில் உள்ள ஜனாதிபதி மாளிகையைக் காட்டு. 1875-இல் கார்சியா மொரேனோ என்ற ஜனாதிபதியை இந்த வாசலில்தான் வெட்டிக் கொன்றார்கள். மலைச்சரிவுகளில் யூக்கலிப்டஸ் வாசனை அடிக்கும், ஊட்டி ஞாபகம் வரும். அந்த மரத்தை ஈக்வடாருக்குக் கொண்டுவந்த பேரும் அந்த மனிதருக்குத்தான்.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் லா கொம்பாஞ்ஞியா தேவாலயம். 1605-இல் தொடங்கி 1765 வரை, நூற்றி அறுபது வருஷம் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் கண் கூசும். தூண், வளைவு, கூரை எங்கே பார்த்தாலும் தங்க ரேக்கு. வேறு எதையும் பார்க்காமல் திரும்பினாலும் இதைப் பார். வாசல் பக்கம் ஒரு சுழல்படிக்கட்டு இருக்கும். எதிர்ப்பக்கமும் அதே மாதிரி ஒன்று தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது சுவரில் வரைந்த படிக்கட்டு! இரண்டு பக்கமும் ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக வரைந்தார்களாம். நரகத்தைக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு தண்டனை, பக்கத்திலேயே பாவத்தின் பெயர். கருட புராணம் கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு கைடே வேண்டாம். போட்டோ எடுக்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு எடு.

பிறகு சான் பிரான்சிஸ்கோ சதுக்கம். மெட்ரோவில் வந்தால் அங்கேயே ஒரு நிலையம். டிக்கெட் 45 சென்ட். 2023 டிசம்பரில்தான் ஓட ஆரம்பித்தது, சுத்தமாக இருக்கிறது. தேவாலயத்தின் முன்படிகளில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது அம்மாவுக்கு ஒரு கதை சொல். கந்தூஞ்ஞா என்ற பழங்குடிக் கொத்தனார், இந்த முன்முற்றத்தைக் குறித்த நாளுக்குள் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். வேலை முடிகிற வழியாய் இல்லை. பேய் வந்தது: "ராத்திரிக்குள் முடித்துத் தருகிறேன், உன் ஆத்மா எனக்கு." ஒப்புக்கொண்டான். பேய்ப்படை கட்டி முடித்துவிட்டது. விடியும் நேரத்தில் கந்தூஞ்ஞா சொன்னானாம், "ஒரு கல் குறைகிறதே, வேலை எங்கே முடிந்தது?" பேய் வெறுங்கையோடு போயிற்று. அந்தக் கல் இல்லாத இடத்தைத் தேடுகிறேன் பேர்வழி என்று அம்மா அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவாள். அந்த ஓய்வுதான் உனக்கு வேண்டியது.

உள்ளே பீடத்தில் சிறகு முளைத்த மாதா சிலை ஒன்று இருக்கிறது. 1734-இல் பெர்னார்தோ தெ லெகார்தா செதுக்கியது. பாம்பை மிதித்துக்கொண்டு, நடனமாடுகிற மாதிரி நிற்பாள். சின்னச் சிலைதான். நன்றாகப் பார்த்து வைத்துக்கொள், மூன்றாம் நாள் இவளையே மறுபடி பார்ப்பாய்.

இரண்டாம் நாள் ஊரைவிட்டு இறங்கு. பூமத்திய ரேகை நினைவுச்சின்னம் 2,480 மீட்டர் சுமார்தான், அம்மாவுக்கு அது ஓய்வு நாள். 1736-இல் பிரான்ஸிலிருந்து விஞ்ஞானிகள் வந்து பூமி எப்படிப்பட்ட உருண்டை என்று அளந்த நாடு இது; துருவத்தில் தட்டை என்று நியூட்டன் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. நாட்டின் பெயரே அந்த ரேகைதான். ஆனால் ஜனங்கள் காலை அகட்டி நின்று போட்டோ எடுக்கும் அந்த மஞ்சள் கோடு, ஜிபிஎஸ் காட்டும் ரேகைக்கு ஏறக்குறைய 240 மீட்டர் தள்ளி இருக்கிறது. நீயும் எடு, தப்பில்லை. பக்கத்தில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் தண்ணீர் வலமாகச் சுழலும், அந்தப் பக்கம் இடமாகச் சுழலும் என்று காட்டுவார்கள். நாலடி தள்ளி வைத்தால் அப்படியெல்லாம் மாறாது. ஊற்றுகிற கையைப் பார், சங்கதி புரியும். மாப்பிள்ளை என்ஜினியர் என்பதற்காக அங்கேயே வாதத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லி வை.

சாப்பாடு. மத்தியானம் "அல்முவேர்சோ" என்று எழுதிய சின்னக் கடைகளில் சூப், சோறு, ஜூஸ் எல்லாம் சேர்த்து அளவுச் சாப்பாடு சல்லிசாகக் கிடைக்கும். அம்மா சைவம் என்பதுதான் சங்கடம். "சின் கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். ஆனால் அவர்கள் கணக்கில் கோழி கார்னேயில் சேராது! "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சேர்த்துச் சொல். லோக்ரோ என்ற உருளைக்கிழங்கு சூப்பில் சீஸும் அவகாடோவும் போட்டுத் தருவார்கள், அதைக் குடித்தால் குளிர் ஓடிவிடும். யப்பிங்காச்சோ நம் ஆலு டிக்கிக்குத் தங்கச்சி மாதிரி, கடலைச் சட்னியோடு வரும். அவித்த சோளக்கதிர் எங்கும் உண்டு. ஊட்டியில் விற்கும் மரத்தக்காளி இருக்கிறதே, அதன் சொந்த ஊர் இந்த மலைகள்தான். ஜூஸும் போடுவார்கள், மிளகாயோடு அரைத்துத் தொட்டுக்கொள்ளவும் வைப்பார்கள். கனெலாசோ என்று பட்டை போட்ட சூடான பானம் வாசனையாக இழுக்கும். அதில் சாராயம் சேர்ப்பார்கள். முதல் இரண்டு நாள் மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. நீ சமைப்பதாக இருந்தால் மூணு லிட்டர் குக்கரை எடுத்துப் போ. அங்கே தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது.

மூன்றாம் நாள் பசிலிக்கா. வெளிச்சுவரில் ஐரோப்பாவில் கொடூர மிருக முகங்கள் வைக்கும் இடத்தில் இவர்கள் ஆமை, உடும்பு போன்ற இகுவானா, குரங்கு, அர்மடில்லோ என்று சொந்த நாட்டுப் பிராணிகளை வைத்திருக்கிறார்கள். கோபுரத்துக்கு மரப்பாலமும் செங்குத்து ஏணியும். நீங்கள் இருவரும் ஏறுங்கள், அம்மா கீழே பிராணிகளை எண்ணட்டும். பிறகு பனெசியோ குன்று, 3,000 மீட்டர். படிக்கட்டு வழியாக நடந்து ஏறாதே. மூச்சுக்காக மட்டும் சொல்லவில்லை, வழிப்பறிக்குப் பேர் போன வழி. டாக்சியில் போய், அதையே நிற்கச் சொல்லித் திரும்பு. மேலே நிற்பவள் சான் பிரான்சிஸ்கோவில் பார்த்த அதே சிறகு மாதா. இங்கே நாற்பது மீட்டர் உயரம், சுமார் 7,000 அலுமினியத் துண்டுகளைக் கோத்தது.

திருட்டுப் பற்றிப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் 2024 ஜனவரியில் நாடே அவசரநிலையில் இருந்தது, எனவே டிக்கெட் போடுமுன் வெளியுறவுத் துறை அறிவிப்பைப் பார்த்துக்கொள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதே. இருட்டியபின் ஓட்டலிலிருந்து கூப்பிட்ட டாக்சிதான். அங்கே புழங்குவது அமெரிக்க டாலர். ஐம்பது, நூறு நோட்டை நீட்டினால் கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒன்று, ஐந்தாக மாற்றிப் போ. அமெரிக்காவிலேயே கண்ணில் படாத ஒரு டாலர் பொன்னிற நாணயம் இங்கே கைக்குக் கை மாறும்.

நான்காம் நாள் காலை, அம்மா நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால் மட்டும், அந்தக் கேபிள் கார். அது கொண்டுவிடுவது 3,945 மீட்டரில். மத்தியானம் மேகம் மூடிவிடும், எட்டு ஒன்பதுக்கே போய்விடு. மேலே அரை மணி நேரம் போதும். அங்கிருந்து 4,696 மீட்டர் ருக்கு பிச்சிஞ்சா உச்சிக்கு ஜனங்கள் நடப்பதைப் பார்த்து மாப்பிள்ளைக்கு ஆசை வரும். வரட்டும், பார்த்துவிட்டு இறங்கட்டும். அம்மாவுக்குத் துளி தலைவலி இருந்தாலும் நீ கீழேயே அவளோடு இரு.

பனாமா தொப்பி என்று உலகம் சொல்வது உண்மையில் ஈக்வடார் தொப்பி. அத்தானுக்கு ஒன்று வாங்கு, அவருடையது கேபிள் கார் உச்சியில் காற்றோடு போய்விட்டது. பெருவிலிருந்து யாராவது கொக்கா இலை டீ பாக்கெட் கொடுத்தால் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதே, நம் ஊர் சுங்கத்தில் மாட்டுவாய். எனக்குத் தொப்பியெல்லாம் வேண்டாம். பழைய ஊரில் வெண்கலப் பாத்திரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, நெருப்புக்கு மேலே ஆட்டி ஆட்டி, கடலைக்குச் சர்க்கரை உருட்டுவார்கள். கொலாசியோனெஸ் என்று பெயர். அதில் கால் கிலோ.