கோடைக்கேற்ற நாள்முறை: வணிகர்களுக்கு ஆயுர்வேதம் தரும் பாடம்

கோடை வந்துவிட்டால் என்ன சரக்கு ஓடும், எதை எவ்வளவு கொள்முதல் செய்வது என்பதில்தான் நம் கவனம் முழுவதும் போகிறது. அதே வெயிலில் கல்லாவில் அமரும் நாமும், கடைப் பையன்களும், மூட்டை இறக்கும் தொழிலாளர்களும் எப்படி இருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. வெயிலால் உயிர் போகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆகவே நம் முன்னோர் வகுத்த பருவ ஒழுக்கத்தைக் கடை நடத்தும் முறையோடு சேர்த்துப் பார்ப்போம்.

பலம் குறையும் பருவம்

வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம் என்னும் ஆயுர்வேத நூலில், சூத்திர ஸ்தானம் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் பருவ ஒழுக்கம் பற்றியது. ஆண்டு ஆறு பருவங்கள். சூரியன் வடக்கு நோக்கிச் செல்லும் ஆறு மாதங்களில் உடலின் ஈரமும் பலமும் சிறிது சிறிதாக உறிஞ்சப்படுகின்றன. அதன் கடைசிப் பருவமே கிரீஷ்மம் எனும் கோடை. குளிர் காலத்தில் பலம் மிகுதி, கோடையிலும் மழைக்காலத்திலும் குறைவு என்பது நூலின் கணக்கு.

நூல் சொல்லும் கிரீஷ்மம் மாதக் கணக்கில் ஆனி, ஆடி. நம் பக்கத்தில் உச்ச வெயில் மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போதே வந்துவிடுகிறது. எனவே மாதத்தைப் பார்க்காமல் வெயிலைப் பார்த்து நடக்க வேண்டும்.

வரவு குறைந்த மாதத்தில் செலவைச் சுருக்குவது வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் உடலுக்கும் அதே கணக்குதான். குளிர்ச்சியாக எதையாவது குடித்துவிட்டு வழக்கம்போல் வெயிலில் அலைவது பருவ ஒழுக்கம் ஆகாது. கடும் உழைப்பையும் வெயிலையும் குறைப்பதே முதல் விதி.

உணவு

இனிப்புச் சுவை, எளிதில் செரிக்கும் தன்மை, சிறிது நெய்ப்பசை, குளிர்ச்சி, நீர்த்தன்மை ஆகியவை கோடை உணவுக்கு வேண்டும். காரம், புளிப்பு, உப்பு குறைய வேண்டும். இனிப்பு என்றால் சர்க்கரை என்று கொள்ளக் கூடாது. அரிசி, பால், பாசிப்பயறு, வெள்ளரி, பூசணி, சுரை ஆகியவையும் இனிப்புச் சுவையைச் சேர்ந்தவையே. நம்மில் பலருக்கு நீரிழிவு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது.

கட்டித் தயிர் குளிர்ச்சி என்பது பலர் எண்ணம். ஆனால் கோடையில் தயிர் ஆகாது, இரவில் எக்காலத்திலும் ஆகாது என்கிறார் வாக்படர். வெண்ணெய் எடுத்து, நிறைய நீர் விட்டுப் பெருக்கிய மோரே நம் ஊர் வழக்கம்.

உப்பைக் குறைப்பது கல்லாவில் அமர்ந்திருப்பவருக்குப் பொருந்தும். நாள் முழுவதும் வியர்வை சிந்தும் தொழிலாளிக்கு வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. அவருக்கு நீர்மோரில் ஒரு சிட்டிகை உப்பு அவசியம்.

தண்ணீரும் சரக்குத் தரமும்

மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதனால் பானையைக் காற்றோட்டமான நிழலில், மணல்மேல் வைக்க வேண்டும். மூலையில் அடைத்து வைத்தால் குளிராது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி என்பதால் பானையும் குறைவாகவே குளிரும், வியர்வையும் எளிதில் காயாது. அங்கே வெயில் அளவு குறைவாக இருந்தாலும் உடல் தளர்வது இதனால்தான்.

பாதிரிப் பூவும் கற்பூரமும் இட்ட நீரை நூல் சொல்கிறது. இன்று கழுவிய வெட்டிவேர் ஒரு சிறு கட்டு போதும். பூசைக்கு ஏற்றும் கற்பூரத்தை ஒருபோதும் குடிநீரில் போடக் கூடாது, அது நஞ்சு. வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். நன்னாரி வேரில் மாகாளி வேரைக் கலப்பதும் உண்டு. வாசனை ஒத்திருந்தாலும் மாகாளி வேர் தடித்துச் சதைப்பற்றுடன் இருக்கும். நன்னாரி மெலிந்து கம்பி போல் இருக்கும். பார்த்துக் கொள்முதல் செய்க.

கிடங்கு வேலை

தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கிடங்குகளில் வெளியைவிடப் புழுக்கம் அதிகம். லாரிச் சரக்கைக் காலை 10 மணிக்குள், அல்லது மாலை 4 மணிக்குமேல் இறக்கும்படி லாரி செட்டில் சொல்லி வைக்கலாம். பகல் 12 முதல் 3 வரை மூட்டை வேலை வேண்டாம். பகல் தூக்கம் கூடாது என்பது ஆயுர்வேதப் பொது விதி. கோடைக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. உண்டபின் அரை மணி கண்ணயர்ந்தால் ஊழியரைக் கடிந்துகொள்ள வேண்டாம். 2021ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஊழியர்க்கு இருக்கை தருவதும் நம் கடமை.

வைத்தியத்தின் எல்லை

இவை யாவும் நோய் வராமல் காக்கும் முறைகள். தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் என்றால் நிழலில் படுக்க வைத்து, 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தேக்கரண்டி தலைதட்டி இருக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ, நினைவு தப்பினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ அது வெப்பவாதம். வாயில் எதையும் ஊற்றாமல், உடனே 108க்குச் சொல்லி, வண்டி வரும்வரை உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அந்த நேரத்தில் கஷாயம் தேடுவது உயிருக்கு ஆபத்து.

ஒவ்வொரு கடையிலும் சித்திரை பிறக்கும்முன் ஒரு பானை, ஒரு பெஞ்சு, திருத்திய வேலை நேரம் ஆகிய மூன்றையும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுகிறோம். செலவு சொற்பம். லாரி ஒரு நாள் காத்திருந்தாலும் அந்த நட்டத்தைப் பிறகு ஈடு செய்துகொள்ளலாம்.