தேசிக்காய் பிழியும் முன்

அன்புள்ள மகனுக்கு,

குளிர்ந்த தண்ணீர் பட்டால் முன்பற்கள் கூசுகின்றன, தேயிலைதான் காரணமென்று கூட்டாளிமார் சொல்கிறார்கள் என எழுதியிருந்தாய். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிர்தான் பன்வில மலையில் நம் வீட்டுக்குச் சோறு போட்டது. அதன்மேல் பழி விழுந்தால் விசாரிக்காமல் விட எனக்கு மனமில்லை.

பல்லை மூடியிருக்கும் எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்து இறுகிய பளிங்கு அது. வாயில் பிஎச் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் கொஞ்சத்தை மீண்டும் படிய வைக்கும். ஆனால் தேய்ந்தே போன எனாமல் மறுபடி வளராது. அதைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

சாயத் தேத்தண்ணியின் பிஎச் 5 அளவில் இருக்கும். எண்ணைப் பார்த்துப் பயப்படாதே. அதிலுள்ள அமிலம் சொற்பம், உமிழ்நீர் சமாளித்துவிடும். தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பதால், கோப்பையில் இறங்கும் அந்தப் புளோரைட் பல்லுக்குக் கொஞ்சம் உறுதியும் தருகிறது.

பிறகு எது காரணம்? பின்னேர வகுப்பு முடியும்வரை ஐஸ் டீ போத்தல் பக்கத்திலேயே இருக்கும் என்று நீதான் எழுதியிருந்தாய். அதன் சேர்மானப் பட்டியலைப் பார். பெரும்பாலும் சித்திரிக் அமிலம் இருக்கும். எலுமிச்சைச் சுவையூட்டிய ஐஸ் டீயின் பிஎச் 3ஐ ஒட்டியே நிற்கும். பிஎச்சில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். 5இலிருந்து 3க்கு நூறு மடங்கு. போதாததற்கு, சித்திரிக் அமிலம் கல்சியத்தைப் பற்றி இழுக்கும் குணமுள்ளது. இந்த அளவு அமிலத்தைத் தேயிலையின் புளோரைட்டால் தடுக்க முடியாது. வீட்டுத் தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்தாலும் இதேதான். பிழிந்ததும் சாயம் வெளிறுமே, அமிலம் ஏறியதால்தான்.

நீ குடிக்கும் விதம்தான் எனக்கு இன்னும் கவலை. சாப்பாட்டோடு ஒருமுறை குடித்து முடித்தால் உமிழ்நீருக்கு அவகாசம் கிடைக்கும். மணிக்கணக்காக மிடறு மிடறாக உறிஞ்சினால், பல் தேறுவதற்குள் அடுத்த புளிப்பு வந்துவிடும்.

புளிப்பாக எதைக் குடித்தாலும் உடனே பல் துலக்காதே. இளகிய மேற்பரப்பைப் பிரஷ் உரசி எடுத்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணித்தியாலமாவது போகட்டும்.

கூச்சத்துக்குச் சொத்தையோ ஈறு விலகலோ கூடக் காரணமாக இருக்கலாம். பார்த்துத்தான் சொல்ல முடியும். கண்டிக்கு வரும்போது பேராதனைப் பல் வைத்தியசாலையில் காட்டு. என்ன குடிக்கிறாய், எவ்வளவு நேரம் வைத்துக் குடிக்கிறாய் என்பதையும் மறைக்காமல் சொல்.

அதுவரை வகுப்புக்குப் பிளாஸ்க்கில் சீனி போடாத சாயத் தேத்தண்ணி கொண்டுபோ. அம்மாவிடம் இஞ்சி தட்டிப் போடச் சொல். தேசிக்காய் வேண்டாம்.

அன்புடன்,
சித்தப்பா