திருவருட்டுணை

திருவருளை நம்புவோர்க்கு இடரே வாராதென்று மாணாக்கர்க்குக் கற்பித்தல் தகாது. கண்டியினின்று மாத்தளைக்குச் செல்லும் பெருவழியில் அலவத்துகொட உளது. மாத்தளைக்கு 1880-இல் புகைவண்டிப் பாதை அமையுமுன், மன்னார்க் கரையில் இறங்கிய நம்மவர் காடும் வெயிலுங் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். அங்கிருந்து பலர் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். மாண்டவர் நம்பிக்கையிற் குறைந்தவரோ என்று அவர் மரபில் வந்த சிறுவனொருவன் வினவின், உபாத்தியாயர் யாது விடை கூறுவார்? வினையென ஒரு சொல்லால் முடித்தல் எளிது, அஃது இரக்கமன்று.

ஐந்தொழிலுள் மறைத்தலையும் அருளென்றே நம் சாத்திரங் கொள்ளும். காணப்படாதவிடத்தும் அருள் உண்டெனத் துணிதலே நம்பிக்கை. எஞ்சினோர் செய்தது காண்க. தோட்டத்து மரத்தடியிற் கல் நட்டு மாரியம்மையென வழிபட்டனர். நாடோறும் வேலைக்குப் புறப்படுமுன் கும்பிட்டுச் சென்றனர். கல்லோடு கடலிலிடப்பட்டுக் கரையேறிய அப்பரும் பின்னர் வாளாவிருந்தாரல்லர்; உழவாரத்தால் திருவீதிப் புல்லைச் செதுக்கி வந்தார். இதுவே சரியை. இதனைப் பரீட்சை வினாவாக்கி மனனஞ் செய்விப்பதிற் பயன் சிறிது. காலையில் மாணாக்கரோடு உபாத்தியாயரும் பூக்கொய்து, பூசையறையை மெழுகுக. சிறுவரின் வினாக்கள் அவ்வேளையிலேதான் எழும்.