பழைய அரசு லேப்டாப்பில் ஜென்டூ: சில பயனுள்ள குறிப்புகள்

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் எங்கள் கீரனூரில் (புதுக்கோட்டைக் கீரனூர் அல்ல, பழனி வட்டத்துக் கீரனூர்) இன்னும் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கிறது. எங்கள் வீட்டிலிருப்பது அக்கா பிளஸ் டூவில் வாங்கியது. 2 ஜிபி ராம், 320 ஜிபி டிஸ்க். அதில் ஜென்டூ லினக்ஸ் போட்டேன். ஜென்டூவில் மென்பொருள்கள் பெரும்பாலும் மூலநிரலாகத்தான் வரும். நம் மெஷினே அவற்றை கம்பைல் செய்துகொள்ளும். கடையில் மாவு வாங்காமல் வீட்டிலேயே அரிசி ஊறப்போட்டு ஆட்டுவது மாதிரி. பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

1. பிரவுசரும் யூடியூபும் போதும் என்றால் இந்த வேலையே வேண்டாம். டெபியன் போடுங்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எது எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

2. முதலில் பிராசசர் 64 பிட்டா என்று பாருங்கள். 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூ, 64 பிட் மெஷின்களுக்கு ஏற்கெனவே கம்பைல் செய்த பேக்கேஜ்களையும் தருகிறது. 32 பிட்டுக்கு அந்த அளவுக்குக் கிடைக்காது.

3. ஏற்கெனவே உள்ள லினக்ஸை அழிக்காதீர்கள். இந்த லேப்டாப்கள் சிலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது. பாஸோ வேறு லினக்ஸோ, 64 பிட்டாக இருந்தால் சரி. பக்கத்தில் 40 ஜிபி பார்ட்டிஷன் ஒதுக்கி, ஜென்டூவின் அடிப்படை சிஸ்டம் இருக்கும் 'ஸ்டேஜ் 3' கோப்பை அங்கே பிரித்து, 'சிரூட்' செய்து உள்ளே போய்விடலாம். அந்தப் பக்கம் கம்பைல் ஓடும், இந்தப் பக்கம் நீங்கள் மெயில் பார்க்கலாம். ஸ்டேஜ் 1-இலிருந்து தொடங்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அந்தக் கால வீரம்.

4. ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓட வேண்டும் என்பதை 'மேக் ஆப்ட்ஸ்' வரியில் எழுத வேண்டும். ஒரு வேலைக்கு 2 ஜிபி ராம் என்பது கணக்கு. நம்மிடம் இருப்பதே 2 ஜிபி, அதனால் ஒன்று என்றே போடுங்கள். இரண்டு கோர் இருக்கிறதே என்று ஆசைப்பட்டு இரண்டு போட்டால் மெமரி தீர்ந்து, டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும்; மவுஸ்கூட நகராது. 4 ஜிபி ஸ்வாப் கட்டாயம். செகண்ட் ஹேண்டில் பொருத்தமான ராம் ஒன்று கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். இந்த மெஷினுக்குச் செய்கிற செலவில் உருப்படியானது அதுதான்.

5. கம்பைலர் அமைப்பில் 'ஓ2', 'மார்ச் நேட்டிவ்', 'பைப்' மூன்றும் போதும். 'ஓ3' போட்டால் பறக்கும் என்பார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, கம்பைல் நேரம்தான் கூடியது.

ஆனால் 'நேட்டிவ்' என்றால் 'இப்போது கம்பைல் செய்கிற இந்த பிராசசருக்கு' என்று அர்த்தம். இதை மறந்து நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மாமாவின் புது லேப்டாப்பில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கம்பைல் செய்து, பெருமையாகப் பழையதில் காப்பி அடித்தேன். உள்ளே நுழைந்து 'எல்எஸ்' என்று தட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரு வரி. எதைத் தட்டினாலும் அதே வரி. புது பிராசசருக்குத் தெரிந்த கட்டளைகள் பழைய பென்டியத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். வேறு மெஷினில் கம்பைல் செய்வதானால், பழைய லேப்டாப்பில் இருக்கும் ஜிசிசி கம்பைலரிடம் 'நேட்டிவ்' என்பதற்கு அது என்ன பெயர் வைத்திருக்கிறது என்று கேட்டு, அந்தப் பெயரையே எழுதுங்கள்.

6. 'யூஸ் ஃபிளாக்' என்பது சமையலில் வேண்டாததைச் சொல்லிவிடுவது மாதிரி. பிரிண்டர் இல்லையா, கப்ஸ் வேண்டாம். புளூடூத் இல்லையா, அதுவும் வேண்டாம். அதற்காக எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்காதீர்கள், பிறகு சத்தம்கூட வராது. நோம், கேடிஇ பக்கம் போகவேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ போதும், இன்னும் இலேசாக வேண்டுமென்றால் ஐஸ்டபிள்யூஎம்.

7. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ரஸ்ட் மூன்றையும் வீட்டில் ஆட்டாதீர்கள். பெயருக்குப் பின்னால் 'பின்' என்று முடியும் பேக்கேஜை எடுங்கள், ரெடிமேடாக வரும். கெர்னலுக்கும் அப்படி ஒன்று உண்டு. முதல் தடவை அதைப் போட்டு பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, சொந்தக் கெர்னலை அப்புறம் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம்.

8. மூலநிரலை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். பேக்கேஜ் போடும் எமெர்ஜ் கட்டளையோடு 'ஃபெட்ச் ஒன்லி' சேர்த்தால் இறக்க மட்டும் செய்யும். மொபைல் டேட்டாவில் தினசரி மிச்சமாவதை ராத்திரி பன்னிரண்டுக்குள் இதற்குச் செலவழித்துவிடலாம். கம்பைல் ஓடும்போது நெட் தேவையில்லை.

9. துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போடும் தேதியைப் பார்க்காமல் ஜிசிசியைத் தொடங்காதீர்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப் கரண்ட் போன நொடியே அணைந்துவிடும். 'ரெஸ்யூம்' கொடுத்தால் பட்டியல் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் பாதியில் நின்ற பேக்கேஜ் முதலிலிருந்துதான். ஆறு மணி நேரம் ஓடியிருந்தாலும் சரி. பெரிய பேக்கேஜ்களைத் தனித்தனியாக, இரவு சாப்பாட்டுக்குப் பின் தொடங்குவது நல்லது.

10. "ஏங் கண்ணு, இது ராவெல்லாம் உறுமிக்கிட்டே கெடக்குதே, கரண்டு பில்லு எவ்வளவு வருமோ?" என்று அம்மா கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 40 வாட் என்று வைத்தால் 25 மணி நேரத்துக்கு ஒரு யூனிட். நான்கு நாள் விடாமல் ஓடினாலும் நான்கு யூனிட்டைத் தாண்டாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிறதே என்றேன். கிரைண்டரைக்கூட நான் இப்படி ராத்திரியெல்லாம் ஓடவிடுவதில்லையே என்றார் அம்மா.

11. ஆடிக் காற்றுக்கு முன்னும் பின்னும் ஃபேனைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். எங்கள் பக்கம் காற்றோடு செம்மண்ணும் வீட்டுக்குள் வரும். என் லேப்டாப்பின் ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே கம்பளித்துண்டு மாதிரி ஒரு படலம் இருந்தது. தீக்குச்சியால் நெம்பினால் முழுசாக உரிந்து வந்தது. தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் புதிதாகத் தடவுங்கள். மெத்தைமேல் வைக்காதீர்கள், நான்கு மூலைக்கும் பாட்டில் மூடி கொடுத்துத் தூக்கி வைத்தால் அடியில் காற்றுப் போகும்.

12. தமிழுக்கு: 'லொகேல்' பட்டியலில் இந்தியத் தமிழும் இந்திய ஆங்கிலமும் மட்டும் வையுங்கள், எல்லாவற்றையும் உருவாக்க விட்டால் நேரம் போகும். நோட்டோ எழுத்துரு, ஐபஸ், எம்17என் மூன்றும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைத்துவிடும்.

13. இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரே ஆண்டில் ஒரே பள்ளியில் கொடுத்த லேப்டாப்கள் பெரும்பாலும் ஒரே மாடல். 'பில்ட் பேக்கேஜ்' வசதியைப் போட்டுவைத்தால் கம்பைல் ஆனதெல்லாம் பேக்கேஜாகச் சேரும். அதைப் பென் டிரைவில் கொண்டுபோய், அதே மாடல் வைத்திருக்கும் சித்தி பையன் லேப்டாப்பில் போட்டால் சில மணி நேரத்தில் வேலை முடியும். போடுமுன் இரண்டிலும் பிராசசர் ஒன்றுதானா என்று பாருங்கள்; ஐந்தாம் குறிப்பை மறக்கவேண்டாம்.

14. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அப்டேட் செய்யுங்கள். ஆறு மாதம் விட்டால், புதிதாகப் போடுவதே சுலபம் என்று தோன்றும்.

15. பழைய டிஸ்க் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. 'போர்ட்டேஜ்' என்ற பேக்கேஜ் மேலாளரின் அமைப்புக் கோப்புகளையும், நீங்கள் கேட்டுப் போட்ட பேக்கேஜ்களின் பெயர் இருக்கும் 'வேர்ல்ட்' கோப்பையும் காப்பி எடுத்துவையுங்கள். மொத்தமே சில கேபிதான். அவை இருந்தால் வேறு டிஸ்கில் அதே சிஸ்டத்தைத் திரும்ப எழுப்பலாம். என்னுடையது ஒரு பென் டிரைவில், ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவில் இருக்கிறது.