கடல் தெரிய வேண்டுமென்றால் கிழக்கே திரும்புங்கள்

எங்கள் ஊரான காணைப் பக்கத்தில் கடலுக்குப் போகிறோம் என்றால் எல்லாருக்கும் பாண்டிச்சேரிதான். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் மாறிப் பல காலம் ஆகிறது. விழுப்புரம் வந்து, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி, திண்டிவனத்தில் வலது பக்கம் மரக்காணம் சாலையைப் பிடித்துவிடுவோம். மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கடப்பாக்கம் வரை போய்த் திரும்புவோம். பெரியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு நாளில் நிம்மதியாகப் பார்க்க அந்தத் தூரமே தாராளம். மகாபலிபுரத்தையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும், வண்டிக்குள் உட்கார்ந்தபடி கடலைப் பார்ப்பது அரிது. சவுக்குத் தோப்பு, பனை, வீடுகள், உப்பங்கழி என்று நடுவில் ஏதாவது மறைக்கும். “கடல் எங்கப்பா?” என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் தூங்கியே போவார்கள். கிழக்கே பிரியும் ஊர்ச்சாலைகளில் இறங்கினால்தான் கடல். எங்கெங்கே இறங்குவது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கள் முதல் நிறுத்தம் மரக்காணம் உப்பளம். இதற்கு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறுவதற்குள் அங்கே பாதி வேலை முடிந்துவிடும். வரப்பு கட்டிய பாத்திகளில் உப்புநீர் காய்ந்து, மேலே மெல்லிய ஆடை படிந்திருக்கும். நீண்ட கம்பில் பூட்டிய பலகையால் அதைக் கலைத்து, அடியில் இறங்கிய உப்பை வரப்போரம் இழுத்துக் குவிப்பார்கள். வாரும்போது கல்லுப்பு உரசும் சத்தம் சாலை வரை கேட்கும். என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கப் பார்த்தாள். வாரிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, “வேணாம் கண்ணு, காலு வெடிச்சிடும்” என்று தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். குதிகாலில் வெடிப்பு வெடிப்பாக, ஒவ்வொன்றிலும் வெள்ளை படிந்திருந்தது. நம் சோற்றில் போடும் உப்பு யாருடைய காலில் ஏறி வருகிறது என்பதைப் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் வரப்போரம் நின்று பாருங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

மரக்காணத்துக்குத் தெற்கே கழுவெளி விரிந்து கிடக்கிறது. 2021 டிசம்பரில் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். வானூர், மரக்காணம் வட்டங்களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரவிய உவர்நீர்ப் பரப்பு இது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்பார்கள். பூநாரையும் கூழைக்கடாவும் பனிக்காலத்தில் வரும். உப்பு வாருவதோ மழைக்காலம் ஓய்ந்து வெயில் காலம் தொடங்கிய பிறகு. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க எனக்குத் தெரிந்து பிப்ரவரிதான் பொருத்தமான மாதம். மாசி மகத்தன்று மட்டும் கிளம்பாதீர்கள். மயிலம் முருகனும் திண்டிவனம் நரசிம்மரும் தீர்த்தவாரிக்குக் கடலுக்குப் போகும் நாள் அது. வழியெல்லாம் கூட்டம் நிற்கும்.

அடுத்தது கடப்பாக்கத்தில் இறங்கிப் போகும் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயிடம் வந்த இந்தக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் மிச்சச் சுவரோரம் உப்பங்கழி, அதற்கு அப்பால் மணல்திட்டு, அதையும் தாண்டிக் கடல். இந்த வழியில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான். நிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர், கட்டுச்சோறு எல்லாம் கையோடு இருக்கட்டும். சுவரில் செங்கல் பெயர்ந்து கிடக்கிறது, பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். மீனவர் படகில் கழியைக் கடப்பதானால் வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். உயிர்காப்பு உடை ஆளுக்கொன்று இல்லாத படகில் ஏறாதீர்கள். அதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கடலில் குளிக்கும் விஷயத்திலும் அப்படித்தான். இந்தக் கரையில் பல இடங்களில் சரிவு சட்டென்று இறங்கும். அலை உடைந்து நுரைக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இழுக்கும். தெரியாதவர்கள் அந்த அமைதியை நம்பித்தான் இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டு ஓயக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மீனவரிடம் கேளுங்கள். “இன்னிக்கு எறங்காதீங்க” என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. நாங்கள் கணுக்கால் நனைய நிற்பதோடு சரி.

கூட வரும் என் மாமியாருக்கு மூட்டுவலி. அதனால் கழிப்பறை வசதியுள்ள பெட்ரோல் பங்க் எதையும் தாண்டவிடாமல் நிறுத்துகிறோம். திரும்பும்போது, கோடையானால் திண்டிவனம் சாலையோரத்தில் தர்பூசணி குவித்திருப்பார்கள், நுங்கும் கிடைக்கும். நான்கு மணிக்கெல்லாம் கடற்கரையை விட்டுவிடுங்கள். ஊர்களை ஊடறுத்துப் போகும் சாலை அது. சந்திலிருந்து பைக் திடீரென்று ஏறும், மாடு குறுக்கே வரும், எதிர்வண்டியின் விளக்கில் கண் கூசும். இருட்டுவதற்குள் திண்டிவனம் வந்து நாற்கரச் சாலையைப் பிடித்துவிட்டால், இரவுச் சாப்பாட்டுக்குக் காணைக்கு வந்துவிடலாம்.