வீட்டில் என்ன இருக்கிறது?

இம்மாத வேதபாடம்: 2 இராஜாக்கள் 4:1-7



கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலுக்கு நம்மில் பலர் போயிருப்போம். செவ்வாய்க்கிழமைகளில் இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் சனம் நிறைந்திருக்கும். "மகள் வெள்ளவத்தையில ஒரு வீட்டுல நிக்கிறா, அவளுக்கு ஒண்ணும் வரக்கூடாது" என்று மெழுகுவர்த்தி ஏற்றும் தாய்மாரும் அதில் இருப்பார்கள். ஏனம்மா அனுப்பினீங்க என்று கேட்டால், "கடன் ஐயா, வேற என்ன செய்ய?" என்பார்கள்.

இதே கேள்வி வேதத்திலும் இருக்கிறது. ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் அழுதுகொண்டு வந்தாள். புருஷன் தெய்வபயம் உள்ளவன், ஆனாலும் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன் கொடுத்தவன் அவளது இரண்டு பையன்களையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நின்றான். எலிசா அவளைத் திட்டவில்லை. "உன் வீட்டில் என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்டார். ஒரு குடம் எண்ணெய் மட்டுமே இருந்தது. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார். பிள்ளைகள் பாத்திரம் எடுத்துக் கொடுக்க, தாய் ஊற்றினாள். எல்லாம் நிறைந்தது. விற்றுக் கடனை அடைத்தாள், மீதியில் குடும்பம் பிழைத்தது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள்.

1. கடனை மறைக்க வேண்டாம். அவள் வாய் திறந்து சொன்னதால்தான் வழி பிறந்தது. யாரிடம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். சாராயக் கணக்கையும் அதில் எழுதுங்கள்.

2. அயலவர் கொடுத்தது வெறும் பாத்திரம்தான். ஆனால் அது இல்லாமல் எண்ணெய் நிற்க இடமில்லை. பக்கத்துக் காம்பரா கஷ்டப்படும்போது லயம் சேர்ந்து சீட்டில் முதல் தவணையை விட்டுக் கொடுக்கலாம். வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் நம் மத்தியில் உண்டு. ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது யாத்திராகமம் 22:25 சொல்லும் கட்டளை. அது அவர்களுக்கும்தான்.

3. பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே, தாயின் பக்கத்திலேயே நின்றார்கள். கடனுக்குப் பிள்ளை ஈடாகவில்லை.

அந்தோனியார் சுரூபத்தைப் பாருங்கள், கையில் குழந்தை இயேசு இருக்கிறார். அந்தோனியார் 1231 ஜூன் 13ஆம் திகதி இறந்தார். அதே வருஷம் மார்ச்சில், கடனைக் கட்ட முடியாத ஏழையைச் சிறையில் போடக்கூடாது என்று இத்தாலியின் பதுவா நகரில் அவர் கேட்டுச் சட்டம் செய்வித்தார். கடன்பட்டவனுக்காகப் பேசிய அவர் முன்னால் நேர்த்தி வைத்துவிட்டு, கடனுக்காகச் சின்னப் பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா?

2021 ஜூலையில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்ததை நாம் மறக்கவில்லை. 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். வேலைக்கு வைக்கும் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. தரகர் வந்து முன்பணம் நீட்டினால், இதைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். பிள்ளைக்குக் கொடுமை நடப்பது தெரிந்தால் 1929க்குப் பேசுங்கள்.

வயது வந்த பிள்ளைகள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளுக்குப் போவது தப்பில்லை. முதலாளியின் பெயர், விலாசம், தொலைபேசி எண்ணை எழுதி வாங்குங்கள். சம்பளம் பிள்ளையின் கையிலேயே சேர வேண்டும். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்தால், முதலாளி 12 வீதம் போட வேண்டும். அடையாள அட்டையை யாரிடமும் அடகாகக் கொடுக்கக் கூடாது.

எல்லார் வீட்டிலும் எண்ணெய் அற்புதமாய்ப் பொங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பளம் போதாத கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் கடவுள் முதலில் கேட்டது பிள்ளையை அல்ல, வீட்டில் இருந்த எண்ணெயை.

குடும்பமாய்ச் சிந்திக்க:
- நம் கடனில் எதை முதலில் அடைக்கலாம்?
- நம் லயத்தில் இந்த மாதம் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை யார்? அந்த வீட்டுக்கு நாம் கொடுக்கக்கூடிய பாத்திரம் என்ன?